அந்தச் சனிக்கிழமையைக் குறித்தவள் நான்

அம்மாவின் படம் மந்தைவெளி முனையில் பேனராகப் பொங்கல் வரைக்கும் தொங்கியது. கையை நீட்டி அரிசிப் பை வாங்குகிற படம். வீட்டு வேலைக்குப் போகவும் வரவும் அந்தப் பேனரின் அடியில்தான் அவள் நடந்தாக வேண்டும்.

அந்த அரிசியைக் கொடுத்தது எங்கள் பகுதியில் இருந்த ஒரு சேவைக் குழு. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள், அன்று காலையில்தான் ஆள் விட்டு, ஏழைக் குடும்பங்களை வரவழைத்துக் கொடுப்பார்கள். தலைவர், பணி ஓய்வு பெற்ற அதிகாரி. அன்றைக்கு அம்மாவின் முறை வந்தபோது அவள் கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முகத்தைக் காட்டும்மா. சும்மாவா தர்றோம்?"

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா முந்தானையை இறக்கினாள். நான் பக்கத்திலேயே நின்றும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக என்னையே என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை எங்கே மன்னிப்பது?

இரண்டு வருடம் கழித்து, நான் ஜாக்கெட் தைக்கும் கடைக்குப் பின்சந்தில், ஒரு மாடி ஹாலை வாடகைக்கு எடுத்துப் புதிதாகச் சபை ஒன்று தொடங்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, முன்பு ஆட்டோ ஓட்டிய பாஸ்டர். நானும் அம்மாவும் போக ஆரம்பித்தோம். பகைவரை நேசிப்பது பற்றி அவர் பேசும் ஞாயிறுகளில் நான் மறுநாள் தைக்க வேண்டிய துணிகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் கிறிஸ்துமஸ் வந்தது. கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றார் பாஸ்டர். நான் எழுந்தேன். "வரிசை வேணாம், போட்டோ வேணாம். விருந்தாளி மாதிரி உக்கார வெச்சு இலை போட்டு பிரியாணி போடலாம்." எல்லாருக்கும் பிடித்துப்போனது. நாளைக் குறிக்கும் வேலையையும் என்னிடமே விட்டார்கள்.

சேவைக் குழுவின் விழா எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணி என்று விசாரித்து, அதே சனிக்கிழமை அதே பதினொரு மணியைக் குறித்தேன்.

"அன்னிக்கு வேற எங்கயாச்சும் எதுனா நடக்குதாம்மா?" என்று பாஸ்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல பாஸ்டர்."

எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மாடி மாடியாக ஏறி வீட்டுக்கு வீடு அழைத்தேன். தைக்கும்போதுகூட அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. ஒரு வீட்டையும் விடவில்லை.

அன்று எங்கள் ஹால் நிறைந்து, படிக்கட்டிலும் ஆட்கள் காத்திருந்தார்கள். முதல் பந்தி பரிமாறி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அவர்களுடைய பந்தலுக்குப் போனேன். அதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

மேடையில் சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே காலி நாற்காலிகள். பைகள் அடுக்கியபடியே இருந்தன. தலைவர் வாசலில் வேர்த்துப்போய் நின்றார்.

"ஏம்மா, எங்க ஒருத்தரையும் காணோம்?"

"சாப்ட்டுகினு கீறாங்க சார். பின்சந்து சபையில."

"கொஞ்சம் கூட்டிட்டு வாயேன். கெஸ்ட் கிளம்பறேங்கிறார்."

"வர மாட்டாங்க சார். எங்கம்மா மூஞ்சிய மூடிக்கினதுக்குப் பைய புடுங்கினீங்களே, ஞாபகம் கீதா?"

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். "எந்த அம்மா?" என்றார்.

நான் இத்தனை வருடம் சுமந்தது அவருக்கு நினைவில்கூட இல்லை. வந்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மீதியைப் பக்கத்து வீட்டு அக்கா கெடுத்தாள். திரும்பி வந்தபோது குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே கேட்டாள்: "அங்கயும் இன்னிக்கு தானாமே? தெரிஞ்சிருந்தா வேற வேற நாளா வெச்சிருக்கலாம். எங்களுக்கு ரெண்டும் கெடச்சிருக்கும்."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன்.

ரெண்டு விழாவும் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டது பாஸ்டர் காதுக்கும் போனது. ஏதோ தவறுதலாக நடந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். தலைவரிடம் நேரில் போய், பைகளை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். விருந்தினரும் போய்விட்டார், போட்டோக்காரரும் போய்விட்டார். அவ்வளவு பையையும் வைத்துக்கொண்டு தலைவர் என்ன செய்வார்? ஒத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை வேன் வந்தது. எங்கள் பிளாக்கில் நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. குழு ஆட்கள் பைகளைத் தோளில் வைத்து ஏறினார்கள். கடைசியில் தலைவரும் நாலாவது மாடிக்கான ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடியில் எங்கள் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்றார்.

நான் அசையவில்லை. அம்மாதான் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுக் கும்பிட்டார்.

"அவருக்குப் போயி இன்னாத்துக்கும்மா குடுத்த?" என்று அவள் காதில் சீறினேன்.

"குடிச்சாதான நாலாவது மாடிக்கு ஏற முடியும்" என்றாள் அம்மா, முகம் மாறாமல்.

அவருடைய செருப்புச் சத்தம் மேலே போவதைக் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டு முறை நின்றது. எனக்கு இனித்தது.

அடுத்த ஞாயிறு, பாஸ்டரிடம் தனியாகப் போய் நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அந்தப் பொய்க்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.