தொட்டிக்குள் இறங்கிய தீபாவளி

சிவகாசியில் வீடு கட்டியபோது நானும் மழைநீர்க் குழாய் வைத்தேன். மொட்டை மாடியில் புறப்பட்டு, சுவரோரம் இறங்கி, மண்ணுக்குள் அரை அடி போய் நின்றுவிடும் குழாய். கீழே குழி கிடையாது. "போட்டோவுக்கு இது போதும் சார், எல்லா வீட்டுலயும் இப்படித்தான்" என்றார் கட்டிக்கொடுத்தவர். போட்டோ எடுத்தோம், அனுமதி வந்தது. நிலத்தடி நீரைக் காப்பாற்றிவிட்ட நிறைவோடு பால் காய்ச்சினேன்.

சில வருஷம் கழித்து ஒரு கோடையில் தெருக்குழாய் வாரக்கணக்கில் வறண்டது. போர் தண்ணீரோ உப்பு. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு முண்டியடித்தபோதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. பிளம்பரைக் கூப்பிட்டு மாடித் தண்ணீரைத் தரைக்கடியில் இருந்த தொட்டிக்குத் திருப்பினேன். நடுவில் ஜல்லி, மணல், கரி போட்ட ஒரு பீப்பாய். நான் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவன். மழை வரும்வரை அச்சகத்தில் தினமும் நீர் மேலாண்மை பற்றிப் பேசி எல்லாருடைய டீ நேரத்தையும் பாழாக்கினேன்.

தீபாவளிக்கு மறுநாள் வானம் கறுத்தது.

"மாடியக் கூட்டினீகளா?" என்றாள் மனைவி.

"மழையே கூட்டிரும்."

கூட்டியது. முந்தின நாள் தெருப் பிள்ளைகள் முழுக்க எங்கள் மாடியில்தான் வெடித்திருந்தார்கள். அந்தக் காகிதம், சாம்பல், கந்தகம், கூடவே வருஷம் முழுக்கப் புறாக்கள் இட்ட எச்சம் எல்லாவற்றையும் மழை ஒன்றுவிடாமல் கூட்டித் தொட்டிக்குள் தள்ளியது. நான் குடையோடு நின்று ரசித்தேன்.

அன்று மாலை மைத்துனர் வந்தார். மனைவி லாரித் தண்ணீரில் டீ போடப் போனாள். நான் விடவில்லை. தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு நீட்டினேன். லேசான சாம்பல் நிறம். மேலே வெள்ளியாய் ஒரு படலம். அது தாதுச் சத்து என்றேன்.

மைத்துனர் மோந்து பார்த்தார். "அத்தான், இதுல திரி மட்டுந்தான் இல்ல."

ரோஷத்தில் நானே முழு டம்ளரையும் குடித்தேன். இரண்டு நாள் அச்சகம் பக்கம் போக முடியவில்லை. படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவில் இருந்தபோதும், அடுத்த முறை கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

பின்வீட்டில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண் இருந்தார். தகரக் கூரைத் தண்ணீரை ட்ரம்மில் பிடித்துப் புழங்குகிறவர். மனைவி சொல்லி, வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"கொதிக்க வச்சா கிருமி சாகும்ணே. வெடி மருந்து சாகுமா? நாங்க கம்பெனில இருந்து வந்து குளிச்சிட்டுத்தான் சோத்துப் பானையவே தொடுவோம். நீங்க அம்புட்டையும் தொட்டிக்குள்ள விட்டிருக்கீக."

"பின்ன, நீங்க எப்படிப் பிடிக்கீக?"

"மொத மழைய அப்படியே வெளிய விட்டுருவேன். கூரை கழுவுன தண்ணிய எவன் குடிப்பான்?"

அச்சகத்தில் யாரும் என்னை இவ்வளவு சுருக்கமாகத் திருத்தியதில்லை. தொட்டியை இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசினோம். பீப்பாயில் இருந்த மணலையும் கரியையும் மாற்றினேன். முதல் தண்ணீர் வெளியே போக ஒரு வால்வு வைத்தார் பிளம்பர். பிள்ளைகளின் வெடி இனி மாடியில் கிடையாது, தெருவில்தான் என்று சொல்லிவிட்டேன். மாடியை நானே கூட்டினேன், சோப்பு போட்டுக் கழுவினேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த இரண்டு மழையை வெளியே விட்டு, மூன்றாவதைத்தான் பிடித்தோம்.

இப்போது அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காய் வேகாத பருப்பு இதில் சீக்கிரம் மசிகிறது. விஷயம் பரவி, தெருவில் நாலு வீட்டார் குடத்தோடு வர ஆரம்பித்தார்கள். அதில் ஒருவரிடம் கேட்டேன்: "உங்க மாடித் தண்ணி எங்கன போகுது?"

"அது ரோட்டுக்குப் போயிருதுண்ணே" என்றபடி குடத்தை நிரப்பித் தோளில் ஏற்றினார். "அதுக்கெல்லாம் யாரு மாடியக் கூட்டிக்கிட்டு இருக்கிறது?"