கோலத்துக்காக மூடிய வால்வு

இண்டூர் மாதுவுக்கு இடது காது பாதி செவிடு. பதினைந்து வருஷம் போர்வெல் வண்டியில் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றவனுக்கு வேறென்ன மிஞ்சும்? ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டு, கொரோனா வருஷத்தில்தான் ஊர் திரும்பினான். அந்தச் சமயம் மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் எதற்கு விடுங்கள், ஆக்சிஜன் பிளான்ட் போட்டார்கள். கம்ப்ரசர் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போய் ஒட்டிக்கொண்டான்.

வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, ஈரத்தைப் பிரித்து, இரண்டு டவருக்குள் அனுப்ப வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளை மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடும். அந்த மணிகளுக்குத் தண்ணீர் என்றால் ஜென்மப் பகை. அதனால், பிரித்த தண்ணீரை அடியிலிருக்கும் பைப்பு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை ‘புஸ்’ என்று வாசல் பக்கம் துப்பும். வீட்டில் பெண்டாட்டி கூப்பிட்டால் கேட்காத மாதுவுக்கு அந்த ‘புஸ்’ மட்டும் தப்பாமல் கேட்கும். கேட்காவிட்டால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடுவான்.

அப்படிப்பட்டவன்தான் அதைச் செய்தான். யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அன்று ஆயுத பூஜை. பிளான்ட் அறையைக் கழுவி, டவர் இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டாயிற்று. துப்புரவு வேலை பார்க்கும் முனியம்மாள் வாசலில் கலர்ப்பொடி போட்டுப் பெரிய கோலம் இழுத்தாள். பைப்பு துப்பியது, ஒரு மூலை கரைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி துப்பியது. அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க மாதுவுக்குப் பொறுக்கவில்லை. பூஜை முடிகிற வரைக்கும்தானே என்று பைப்பின் வால்வைத் திருகி மூடினான். அப்போது மணி மூன்று. கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கடலை பொட்டலம் கைமாறியது. நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்து, தன் வண்டிக்கும் பொட்டு வைக்க வீட்டுக்குப் போய்விட்டான். வால்வு மூடியது மூடியபடியே இருந்தது. ராத்திரி ஷிப்ட் பார்த்த சவுரியப்பன் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் மீட்டரைப் பார்த்தான், தொண்ணூற்று மூன்று இருந்தது, நிம்மதியாக உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை மாது உள்ளே நுழைந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அலாரம் அடித்தது. மீட்டரில் எண்பத்தொன்பது. அவன் பார்க்கப் பார்க்க எண்பத்தெட்டு. ஓடிப்போய் பிளான்ட் லைனை அடைத்து, சிலிண்டர் வரிசையைத் திறந்துவிட்டு, வார்டுக்குப் போன் போட்டான். பதினாறு பேர் ஆக்சிஜனில் இருந்தார்கள். சித்தேரி மலையிலிருந்து நிமோனியாவோடு வந்த காளியப்பனுக்கும் இன்னொரு பெரியவருக்கும் மட்டும் மிஷின் வழியாக வாரி வாரிக் கொடுக்க வேண்டியிருந்தது. காளியப்பனின் சம்சாரம் தினமும் காலையில் மாதுவைப் பார்த்தால், மிஷின் நல்லா ஓடுதுங்களா என்று கேட்டுவிட்டுத்தான் டீ வாங்கப் போவாள். நிறைந்த சிலிண்டர் ஆறுதான் இருந்தது. மீதி ரீஃபில்லுக்குப் போயிருந்தது. ஆறும் மூன்று மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

எங்கே கோளாறு? ஃபில்டர், டிரையர், பெல்ட் என்று தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். முனியம்மாள் போட்ட கோலம் ஒரு புள்ளிகூடக் கரையாமல், பைப்புக்கு நேர் கீழே, பளிச்சென்று இருந்தது.

வால்வைத் திறந்தான். வாய்க்கால் மடை திறந்தாற்போலத் தண்ணீர் பாய்ந்து, கலர்ப்பொடியெல்லாம் அவன் காலடிக்கு வந்தது. பதினேழு மணி நேரத்துத் தண்ணீர். வழி அடைபட்டதால், காற்றை உலர்த்துகிற டிரையரைத் தாண்டி டவருக்குள்ளேயும் போயிருக்கிறது. மணிகள் காய இன்றைக்குப் பொழுது முழுக்க ஆகும், காயாமலே போனாலும் போகும்.

டியூட்டி டாக்டர் மலர்விழி விறுவிறுவென்று வந்தார். முனியம்மாளும் துடைப்பத்தோடு வந்து நின்றாள். ஈரத் தரையைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. டாக்டர் கரைந்த கோலத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். வால்வு மூடியிருந்தது என்று மட்டும் மாது சொன்னான். யார் மூடியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டது வேறு.

“எவ்வளவு நேரம் மூடியிருந்துச்சு மாது? ஒரு மணி நேரத்துல ஓட்டிடலாம்னா பேஷண்ட அசைக்க வேணாம். இல்லேன்னா ரெண்டு பேரை இப்பவே ஏத்தி அனுப்பணும். சொல்லுங்க.”

காலையில்தான் மூடிக்கொண்டது போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை தப்பும். முனியம்மாள் மூடினாள் என்றால் அதையும் நம்புவார்கள், கோலமே சாட்சி. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, நான் ஏன் மறைக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் காளியப்பனை இங்கேயே படுக்க வைப்பார்கள். மூன்று மணி நேரம் கழித்துச் சிலிண்டர் காலியாகும்போது அந்தச் சம்சாரத்திடம் போய் என்ன சொல்வது?

“நேத்து மூணு மணியிலிருந்துங்க மேடம். பூசைக்காக நாந்தான் மூடுனேன், தொறக்க மறந்துட்டேன். இன்னைக்கு இத நம்பாதீங்க. ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க.”

மலர்விழி ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தார். திட்டுவதற்குக்கூட நிற்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பினார். பதினைந்தாவது நிமிஷம் ஆம்புலன்ஸ் இரண்டு கிளம்பின. காளியப்பனின் சம்சாரம் பின்கதவில் ஏறும்போது மாதுவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். விஜயதசமி விடுமுறையில் சிலிண்டர் நிரப்பும் டிப்போக்காரரைத் தேடிப் பிடித்து, சேலத்திலிருந்து லோடு வந்து சேர்ந்தபோது சிலிண்டர் வரிசையில் கடைசி ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மணிகள் காய்ந்து மீட்டர் தொண்ணூற்று மூன்றுக்குத் திரும்ப மறுநாள் மதியமாகிவிட்டது.

நடந்ததை மாது எழுதிக் கொடுத்தான், கையெழுத்துப் போட்டான். ஒரு மாதம் வெளியே நிறுத்தினார்கள். வேலையே போயிருக்கும், டாக்டர்தான் தடுத்தார் என்று நர்ஸ் ஜாஸ்மின் சொன்னாள். காளியப்பன் பிழைத்து மலையேறிவிட்டான்.

அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. முனியம்மாள் கோலப்பொடியோடு தயங்கித் தயங்கி வந்து, தள்ளி ஓரமாகப் போடட்டுமா என்றாள். மாது பைப்புக்கு நேர் கீழே கையைக் காட்டினான்.

“இங்கயே போடுங்க. அழியட்டும்.”

போட்டாள். மூன்றாவது நிமிஷம் ‘புஸ்’ என்றது, ஒரு மூலை கரைந்தது. மாது கற்பூரத்தை ஏற்றினான்.