மடியில் வைத்த கை

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டு, வாசல் பையிலிருந்து எடுத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்ததில் 132. காலை மாத்திரை மூன்றையும் கொடுத்தேன். எட்டரைக்கு இட்லி. ஒன்பதிலிருந்து பத்தரை வரை துணி. மதியம் கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். மூன்று பத்துக்கு, அட்டை உறைக்குள் வைத்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்குக் கிளம்பினேன்.

மாதத்தின் மூன்றாம் ஞாயிறு அங்கே ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் புகைப்படக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். என்னைப் போல் பொழுதுபோக்குக்கு எடுப்பவர்களும் உண்டு, தொழிலாகச் செய்பவர்களும் உண்டு. ஒருவர் கொண்டுவந்த படத்தைக் கரும்பலகையின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு மற்றவர்கள் குறை சொல்வார்கள். ஒரே ஒரு விதிதான். எல்லோரும் பேசி முடிக்கும்வரை படத்தை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. படத்தில் இருப்பவர்கள் யார் என்றும் சொல்லக் கூடாது.

அன்று நான் கொண்டுபோனது எங்கள் குடும்பப் படம். முந்தின வருஷம் ஆயுத பூஜையன்று எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டுக் கூடத்தில் நான் எடுத்தது. அப்பாவும் அம்மாவும் நாற்காலியில், பின்னால் தம்பி, அவன் மனைவி, அவர்கள் மகள். அதற்குப் பத்தொன்பதாம் நாள் அம்மா இறந்துபோனாள். மாரடைப்பு. பதினாறாம் நாள் காரியத்துக்கு அடையாள அட்டைப் படம் ஒன்றைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம். முதல் வருஷத் திதிக்காவது நல்ல படம் வேண்டும் என்று தம்பி சொன்னான். உயிரோடு இருப்பவர்கள் சேர்ந்து நிற்கும் படத்துக்கு மாலை போட முடியாது. அதனால் இந்தப் படத்திலிருந்து அம்மாவை மட்டும் தனியாக வெட்டியெடுத்து, சட்டம் போட்டு மாட்டுவதாக முடிவு. இனி எங்கள் வீட்டில் அம்மாவின் முகம் அதுதான். வீட்டில் எல்லோரும் படம் அருமை என்றார்கள். வீட்டார் சொல்வதை நான் நம்பவில்லை. அதனால்தான் எடுத்துப் போனேன்.

முதலில் பேசியவர் கல்யாண வீடியோ எடுப்பவர். “இன்னா மேடம், அல்லாரும் ரேஷன் கட கியூல நிக்கிற மாதிரி கீறாங்க. அந்தப் பொண்ணு மட்டுந்தான் சிரிச்சிக்கினு கீது.”

மாட வீதிப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. எல்லோருக்கும் அவர் மாமா. “லைட் நன்னா வந்திருக்கு. ஜன்னலோரம் துளி வெளுத்துண்டு போறது. மத்தபடி பேஷ்” என்றார்.

“மாமா, நீங்க எதத்தான் நல்லால்லன்னு சொல்லிக்கீறீங்க?” என்றார் வீடியோக்காரர்.

“போன மாசம் நீ கொண்டுவந்தியே, அதைச் சொன்னேனே!”

எல்லோரும் சிரித்தார்கள். விதியை மறக்காமல் நானும் சத்தமில்லாமல் சிரித்தேன்.

அதன் பிறகு எழுந்தவர் தி. நகரில் ஸ்டுடியோ நடத்தும் பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பாஸ்போர்ட் படம், சீமந்தப் படம் என்று ஒரு நாளைக்கு நாற்பது முகங்களைப் பார்ப்பவர். படத்துக்கு ஓரடி தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார்.

“இந்த அம்மாவோட கை சரியில்ல.”

“மடிலதானே இருக்கு?” என்றார் மாமா.

“இருக்குது சார். ஆனா அவங்களா வெக்கல. யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. கை சும்மா கெடந்தா விரல் தளர்ந்திருக்கும். இது புடவையப் புடிச்சிட்டிருக்கு. எடது தோளப் பாருங்க, மேல ஏறியிருக்கு. கழுத்து நரம்பு இழுத்திருக்கு.” இன்னும் கொஞ்சம் குனிந்தார். “கண்ணும் கேமராவப் பாக்கல. அதுக்கு மேல பாக்குது, எடுக்கறவங்க மூஞ்சிய. போதுமா, முடிஞ்சிச்சான்னு கேக்கற மாதிரி.”

“தூக்கம் வந்திருக்கும்” என்றார் வீடியோக்காரர்.

“இல்ல. வலி வந்த மூஞ்சி இது. எங்க கடைல தெனம் பாக்கறேன், முட்டி வலி, இடுப்பு வலின்னு ஸ்டூல்ல உக்காந்து பல்லக் கடிச்சிட்டுப் போஸ் குடுப்பாங்க.” என் பக்கம் திரும்பினார். “இதுக்கு முன்னாடி எடுத்தத கொண்டாங்க மேடம். அந்தக் கை மொதல்ல எங்க இருந்துச்சோ, அதுலதான் இந்த அம்மா இருப்பாங்க.”

என் முறை வந்தது. “அது என் அம்மா. இப்போ இல்ல. கையைக் கீழே போடச் சொன்னது நான்தான்” என்றேன்.

ஸ்டுடியோப் பெண்தான் மெல்லக் கேட்டார். “நான் சொன்னதுனாலயா?”

இரண்டு வருஷம் முன்பு, இதே அறையில், வேறொரு படத்தைப் பார்த்து அவர் சொல்லியிருந்தார். கழுத்துக்கிட்ட கை வந்தா பாக்கறவங்க கண்ணு அங்கதான் போகும், மடியில போடச் சொல்லுங்க என்று. நான் அதை டைரியில் எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்.

“ஆமா” என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நேர்மையாகக் குறை சொல்லும்படி நான் கேட்டு, அவர் சொன்ன பிறகு, அப்படிச் சொல்ல வரவில்லை. அவர் படத்தை உறைக்குள் போட்டு என்னிடம் கொடுத்தார். படியிறங்கும்போது கூடவே வந்தார். ஆட்டோ வரும்வரை நின்றார்.

ஆறு ஐம்பதுக்கு வீடு திரும்பினேன். அப்பா தொலைக்காட்சி முன் இருந்தார். உள்ளறையில் மடிக்கணினியைத் திறந்தேன். ஆயுத பூஜை அன்று எடுத்தவை பதினான்கு படங்கள். முதல் படம் 11:08, கடைசிப் படம் 11:21. நாங்கள் தேர்ந்தெடுத்தது பதினான்காவது. மற்றவற்றை, எடுத்த நாளுக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

முதல் படத்தில் அம்மாவின் வலது கை இடது தோள்மேல். மூன்றாவதில் கழுத்தெலும்புக்குக் கீழே. ஆறாவதில் விரல்கள் கலங்கியிருந்தன, தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏழாவதில் தம்பி மகள் ஏதோ சொல்ல, அம்மா திரும்பிச் சிரிக்கிறாள், கை மட்டும் அங்கேயே இருக்கிறது. பதினொன்று வரை அப்படித்தான். பன்னிரண்டிலிருந்து கை மடியில்.

அந்த நாளின் டைரியை எடுத்தேன். என் கையெழுத்தில், நீல மையில், ஒரு வரி: “பதினான்கு படம். அம்மா கையை எடுக்கவே மாட்டேன் என்கிறாள். மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்று.”

பதின்மூன்று நிமிஷம். எதிரில், ஏழடி தூரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றேன். நாற்காலி கோணலாக இருந்ததைக் கவனித்திருக்கிறேன். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்திருக்கிறேன். எல்லாம் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது.

ஏழே முக்காலுக்குத் தம்பி கூப்பிட்டான். தி. நகரில் அவனுக்குப் பாத்திரக் கடை. “அக்கா, பிரிண்ட் லேபுக்கு ஃபைல் அனுப்பிட்டியா? நாளைக்குக் குடுத்தாத்தான் ஆச்சு. பூஜை சீசன் வந்துட்டா ஃபிரேம் வேலைய இழுத்தடிப்பாங்க.”

“அனுப்பல.”

“ஏன்? எல்லாருக்கும் பிடிச்ச படந்தான?”

“அம்மா அதுல சரியா இல்லடா.”

“எவ்வளவு சாந்தமா இருக்காங்க! உனக்கு எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கணும்.”

காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தச் சாந்தம் என்னவென்று அவனிடம் போனில் சொல்லத் துணிவில்லை. சொல்லாமல் அந்த முகத்தைச் சுவரில் மாட்டவும் முடியாது. தினமும் அதன் கீழே நின்று விளக்கேற்ற வேண்டியவள் நான். போதுமா, முடிந்ததா என்று அது என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக மடிக்கணினியை அப்பாவின் கட்டிலுக்கு எடுத்துப்போய் அவர் மடியில் வைத்தேன். ஒன்றிலிருந்து பதினான்கு வரை வரிசையாகக் காட்டினேன். மூன்று முறை சொன்னதையும் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு விடிஞ்சதுலேருந்தே தேச்சுக்கிட்டுத்தான் இருந்தா” என்றார். “வாயுன்னா. ஓம வாட்டர் கலக்கிக் குடுத்தேன். ஒங்கிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், நல்ல நாளும் அதுவுமா அவ ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவான்னா.”

“ஒரு வருஷமா ஏன்ப்பா சொல்லல?”

“எப்படிம்மா சொல்ல?”

அவர் அழவில்லை. அம்புக்குறிப் பொத்தானை ஒவ்வொன்றாகத் தட்டிப் பின்னால் போய், ஏழாவது படத்தில் நிறுத்தினார். திரையில் அம்மாவின் கைமேல் விரலை வைத்தார்.

“வெட்டும்போது இந்தக் கை போயிராமப் பாத்துக்க.”

அவர் எதிரிலேயே உட்கார்ந்து அளவு குறித்தேன். வலது முழங்கை வரை உள்ளே வருமாறு கோட்டை இரண்டு முறை நகர்த்தினேன். ஆறு நாற்பதுக்கு லேபுக்கு அனுப்பினேன். பிறகு, கடைக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று, தம்பியைக் கூப்பிட்டேன். அவன் எடுத்ததும் போனை அப்பா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.