தோரணத்து மாவிலை

சித்திரை முதல் தேதி யாராவது வாழ்த்துச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. வேப்பம்பூப் பச்சடியைத் தொடுவதுகூடக் கிடையாது. யாராவது காரணம் கேட்டால், கசப்பு பிடிக்காது என்று சொல்லிவைக்கிறேன்.

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து நாங்கள் மயிலாப்பூரில் குடியேறிய முதல் வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது. பர்மாவில் பிறந்த என்னைப் பார்த்து, "சொந்த நாட்டுக்கு வந்துட்டே" என்றார்கள் எல்லாரும். பார்த்தே இராத நாடு எப்படிச் சொந்தமாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பர்மா என்ற பேரைக் கேட்டதுமே கதவைச் சாத்திய வீடுகளைத் தாண்டி, குளத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் முன்கட்டில் இருந்தார். அவருடைய சட்டங்களும் கூடவே வந்தன. அம்மா லுங்கி கட்டக் கூடாது. ரங்கூன் வழக்கப்படி கன்னத்தில் மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது. கருவாட்டு வாசனை வரவே கூடாது. ரங்கூனில் துணிக்கடை வைத்து, எல்லாரையும் அதட்டிப் பேசிய அப்பா, எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். அந்த "சரிங்க"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் சாயங்காலம், "நாளைக்கு வருஷப் பிறப்பு" என்றார் அப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரங்கூனிலும் இதே சமயத்தில்தான் வருஷம் பிறக்கும். ஊரே தண்ணீரில் மிதக்கும். கட்டின துணியோடு தொப்பலாக நனைவதுதான் பண்டிகை. பெரியவர்களுக்கு மட்டும் வெள்ளிக் கிண்ணத்தில் வாசனைத் தண்ணீர் எடுத்து, இலைக் கொத்தைத் தோய்த்து, தோளில் பதமாக ஊற்றுவோம். போன வருஷத்து அழுக்கெல்லாம் போகட்டும் என்று அர்த்தம். நனைந்தவர் கோபிக்கக் கூடாது, சிரித்து வாழ்த்த வேண்டும். எங்கள் தெருவில் இதற்கெல்லாம் முதல் ஆள் அப்பாதான். போலீஸ்காரரைக்கூட அவர் விட்டதில்லை.

மறுநாள் காலையில் நான் சந்தனம் கரைத்தேன். வெள்ளிக் கிண்ணத்தை ரங்கூன் துறைமுகத்திலேயே அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால் எவர்சில்வர் டம்ளர். இலைக்கு, வாசல் தோரணத்திலிருந்து மாவிலையை உருவிக்கொண்டேன். அந்த வீட்டில் வயதில் பெரியவர் வீட்டுக்காரர். அப்படியானால் முதல் மரியாதை அவருக்குத்தானே? பட்டு வேட்டியும் கையில் பஞ்சாங்கமுமாக அவர் கோயிலுக்குப் புறப்பட்டுப் படி இறங்கினார். மேல்படியில் நின்று அவர் தோளில் ஊற்றினேன். பிறகு அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன்.

"ஐயோ, மடியெல்லாம் போச்சே! பண்றதையும் பண்ணிட்டு என்னடி சிரிச்சுண்டு நிக்கறே?"

அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா பாப்பா, பெரியவரு மேலயே தண்ணிய ஊத்திக்கினு கீறே?" என்றாள். அப்பா பின்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

"பர்மாக்காராளுக்கு எடம் குடுக்காதேள்னு எல்லாரும் சொன்னா. நான்தான் கேக்கலை. இன்னிக்கே காலி பண்ணிண்டு போயிடுங்கோ" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குப் பயமே இல்லை. அப்பா விளக்கிச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். அவர் என்னையும் டம்ளரையும் மாவிலையையும் பார்த்தார். பார்த்த உடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"எங்க வழக்கத்துல இதெல்லாம் கெடையாதுங்க. எங்க பாத்துட்டு வந்துச்சோ தெரியல, புத்தி கெட்ட புள்ள" என்று சொல்லி, பளாரென்று ஓர் அறை விட்டார். என் பிடரியைப் பிடித்து அழுத்தி அந்த ஈரக் கால்களில் விழ வைத்தார். வீட்டுக்காரர் மறுபடி குளிக்கப் போனார். பின்கட்டு எங்களுக்கே நின்றது.

அறை வலித்தது மாலைக்குள் மறந்துவிட்டது. அந்தப் பொய் மறக்கவில்லை. கற்றுக்கொடுத்த ஆளே தெரியாது என்று கைகழுவினால் ஒரு குழந்தை எங்கே போய் நிற்கும்? வீட்டுக்காரர்மேல் வந்ததைவிட நூறு மடங்கு கோபம் எனக்கு அப்பாமேல்தான் வந்தது.

மத்தியானம் முன்கட்டில் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் அப்பா கிணற்றடிக்குப் போனார். புது வேட்டியோடும் சட்டையோடும் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். அம்மா சந்தனம் மிச்சமிருந்த என் டம்ளரை எடுத்துப் போய், அவர் தோளில் பதமாக ஊற்றினாள். என்னால் பட்ட அவமானத்தை அவர் கழுவுகிறார், அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டின புதுத்துணியோடு யாராவது குளிப்பார்களா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அப்பா டம்ளரில் தண்ணீரை மொண்டு என் பக்கம் நீட்டினார். "வாம்மா, நீயும் ஊத்து" என்றார், முன்கட்டுக்குக் கேட்டுவிடாத குரலில்.

நான் கதவைப் படாரென்று சாத்தினேன்.