கம்ப்யூட்டரில் என் பெயரில் ஒரு ஃபோல்டர்

என் கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். தலை துவட்டும்போதும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் அவருக்காக மட்டும் படம் எடுத்து அனுப்புவேன். எல்லாம் என் போனில்தான் இருக்கும்.

போன மாதம் வருமானச் சான்றிதழுக்காக நரிக்குடியிலிருந்து திருச்சுழிக்குப் போனேன். கம்ப்யூட்டர் சென்டர்காரர் என் போனில் இருந்த ஆதார், ரேஷன் கார்டு படங்களைக் கேட்டார். "லாக்கை எடுத்துக் குடுங்கக்கா, நானே ஏத்திக்கிறேன்" என்றார். கொடுத்துவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

பத்து நாள் கழித்து வேறொரு சான்றிதழுக்காக அதே சென்டருக்குப் போய், ஆதார் படத்தைக் காட்டப் போனை எடுத்தேன். "அது எதுக்குக்கா? உங்க பைலு பூராம் எங்கிட்ட இருக்குல்ல" என்று என் பெயர் போட்ட ஃபோல்டரைத் திறந்தார். திரை நிறைய ஈரத்தலையோடு நான். எனக்குப் பின்னால் நாலு ஆண்கள் வரிசையில் நின்றார்கள்.

"இதையெல்லாம் யாருய்யா எடுக்கச் சொன்னது?"

அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "ஒண்ணொண்ணாத் தேடிக்கிட்டு இருக்க முடியுமாக்கா? எல்லாருக்கும் மொத்தமாத்தான் இழுத்துப் போடுறது."

ச்சீ என்று ஆகிவிட்டது. பக்கத்திலேயே நின்று, ரீசைக்கிள் பின் வரை காலி செய்ய வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், என் பெயர் இருந்த இடத்துக்கு மேலும் கீழும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறு பேரின் பெயர்கள்.

அன்றே ஆறு பேர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். இப்போது சான்றிதழ்ப் படங்களை மட்டும் நானே பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோகிறேன். என் போன் என் கையை விட்டு இறங்குவதில்லை. அந்த ஆறு பேரும் நான் சொன்ன மறுநாள் முதல் பஸ்ஸிலேயே திருச்சுழிக்குப் போனார்கள். நானும்தான் கூடப் போனேன்.

- பெயர் வேண்டாம், நரிக்குடி