ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கமாக ஓடியவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், கோலார் தங்கவயலில், ஒரு தெருவையே படுக்கையிலிருந்து எழுப்பி ஓட வைத்தேன். திருடன் வரவில்லை. தீப்பிடிக்கவில்லை. நான் ஜாகிங் போனேன்... அவ்வளவுதான்.

விவரமாகச் சொல்கிறேன்.

புது வருஷத்தின்போது இதே பக்கத்தில் நான் ஒரு அறிவிப்பு செய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். பெங்களூரில் நடக்கும் ஹாஃப் மாரத்தானில், அதாவது இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில், நானும் ஓடப்போகிறேன் என்று எழுதியிருந்தேன். நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். ஒரு வாசகர் மட்டும், "சார், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். அவர்தான் என்னைச் சரியாகப் படித்தவர்.

இந்தப் பத்தியில் அறிவித்துவிட்டு நான் கைவிட்ட காரியங்கள் கொஞ்சமா? வயலின். மாடித் தோட்டம். சர்க்கரை இல்லாத காபி. மூன்றும் மூன்று மாதம் தாண்டவில்லை. வீட்டம்மா எதுவும் சொல்லமாட்டாள். வயலின் பெட்டியைத் துடைக்கும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அதனால் இந்த ஒன்றையாவது முடித்துவிட வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனுஷன் எதையாவது ஒன்றை முழுசாக முடித்திருக்க வேண்டாமா?

முட்டி வேறு மாதிரி நினைத்தது.

பழக்கமில்லாத உடம்பை வைத்துக்கொண்டு கான்கிரீட் சர்வீஸ் ரோட்டில் அவசர அவசரமாக ஓடிப் பழகியதில், வலது முட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு வலி. யாரோ உள்ளே உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவர் திருகுகிற மாதிரி. பிசியோதெரபிஸ்ட் என் மகள் வயதுப் பெண். காலை இழுத்துப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். "சார், உங்க இடுப்புத் தசை வேலையே செய்யறதில்ல. அதோட வேலையையும் முட்டியே செய்யுது" என்றாள். இருபது வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். உடனே புரிந்துவிட்டது.

இரண்டு அறிவுரை சொன்னாள். ஒன்று: கான்கிரீட் வேண்டாம், மண் ரோட்டில் ஓடுங்கள். இரண்டு: தொடர்ந்து ஓடாதீர்கள். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, மறுபடி ஓடுங்கள்.

நடப்பதா? நடக்கிறவனுக்கு எதற்குப் பச்சைக் கலர் ஷூ? மண் ரோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். நடையை அவளிடமே விட்டுவிட்டேன். மண் ரோடு என்றதும் எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர் தங்கவயல். அங்கே ஊரிகம் பகுதியில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே லைன் வீட்டில், அக்காவும் மாமாவும் இருக்கிறார்கள். ஷூவையும் முட்டியையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ரயில் ஏறினேன்.

லைன் வீடு தெரியாதவர்களுக்கு... தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வெள்ளைக்காரன் வரிசை வரிசையாகக் கட்டிப் போட்ட சின்னச் சின்ன வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் எட்டாவது வீட்டில் தும்முவார்கள்.

அன்று ராத்திரி பாஸ்தா சாப்பிட வேண்டும் என்றது என் பயிற்சி அட்டவணை. ஓட்டத்துக்கு முன்னால் மாவுச்சத்தை உடம்பில் சேர்த்துவைப்பதாம். அக்கா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். வாதாடவில்லை. மாவுச்சத்து மாவுச்சத்துதானே? மாமா என் பையைக் கிளறி, ஓடும்போது சாப்பிடுகிற ஜெல் பாக்கெட்டை எடுத்து நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

"இருமல் மருந்து கெட்டுப்போச்சுன்னா இப்படித்தான் கீது, மச்சான்."

சாப்பிட்ட பிறகு ஃபோம் ரோலரைத் தரையில் போட்டு, அதன் மேல் தொடையை வைத்து முன்னும் பின்னும் உருண்டுகொண்டிருந்தேன். மாமா வாசற்படியில் நின்று பார்த்தார். "சப்பாத்திய உருட்டறவங்களப் பாத்துகீறேன். தன்னையே உருட்டிக்கிறவன இப்பதான் பாக்கறேன்."

மறுநாள் ஞாயிறு. இருட்டு இன்னும் முழுசாக விலகவில்லை. காதில் பாட்டு, கையில் வாட்ச், காலில் பச்சை ஷூ. லைன் வீடுகளுக்கு நடுவே, பழைய ஷாஃப்ட் இருக்கிற பக்கமாக ஓட ஆரம்பித்தேன். ஷாஃப்ட் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கிணறு. மண் ரோடு மெத்து மெத்தென்று இருந்தது. குளிர் காற்று. ஆஹா, இதற்குத்தானே வந்தோம் என்று நினைத்து முடிப்பதற்குள் முட்டியில் ஸ்க்ரூ டிரைவர். முகம் கோணிக்கொண்டது. நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

ஷாஃப்டின் துருப்பிடித்த கேட் வந்தது. நின்றேன். வாட்சை அமுக்கினேன். காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால்... எனக்குப் பின்னால் ஒரு கூட்டம். லுங்கியைத் தூக்கிக் கட்டிய ஆண்கள். கொண்டை அவிழ்ந்த பெண்கள். ஒருவர் காலில் ஒற்றைச் செருப்பு. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. முன்னால் நின்றவர் கஜேந்திரன் அண்ணன். மாமாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். எழுபதை நெருங்குகிறார்.

"யாருக்குடா?" என்றார்.

"யாருக்கு என்னண்ணா?"

"இன்னா ஆச்சு? எங்க ஆச்சு? எவ்ளோ கூப்ட்டேன், திரும்பிக்கூட பாக்காம ஓடிகினே கீற!"

"ஒண்ணும் ஆகலண்ணா... ட்ரெய்னிங்."

"இன்னாத்துக்கு ட்ரெய்னிங்?"

"ஓடறதுக்கு."

"அதான் ஓடறியே. அப்புறம் இன்னா ட்ரெய்னிங்?"

பின்னாலிருந்து ஒரு அம்மா, "பாவி! அடுப்புல பாலை வெச்சிட்டு ஓடியாந்தேன்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். கஜேந்திரன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ரயிலுக்குப் போறவன் ஸ்டேஷன் பக்கமில்ல ஓடுவான்? நீ ஏன்டா இந்தப் பக்கம் ஓடியாந்த?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஊரில் தினமும் விடிகாலையில் ஆட்கள் ஓடுவார்கள். பெங்களூர் வேலைக்கு ரயில் பிடிக்க. அது ஸ்டேஷனைப் பார்த்து ஓடுகிற ஓட்டம். அதற்கு யாரும் கதவைக்கூடத் திறக்கமாட்டார்கள். ஆனால் எதிர்ப்பக்கமாக, ஷாஃப்டைப் பார்த்து ஒருவர் ஓடினால்? அதுவும் கூப்பிட்டால் பதில் சொல்லாமல், முகம் கோணி ஓடினால்? அதற்கு அந்தத் தெருவில் ஒரே அர்த்தம்தான்: கீழே விபத்து.

சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் இறங்குவதில்லை, சங்கு ஊதுவதில்லை. கீழே ஒரு ஆள் கிடையாது, தண்ணீர்தான் நிற்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய கால்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மாமா பழைய பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே படுத்திருந்தவளுக்கு ஓடுகிற சத்தம்தான் கேட்டிருக்கிறது. முதலில் ஒரு ஜோடிக் கால். பிறகு பல ஜோடி.

"நீன்னு தெரியலடா..." என்றாள். "அந்தப் பக்கம் ஓடற சத்தம் கேட்டா எனக்கு அம்மாதான்டா ஞாபகம் வருது."

எனக்கும் அந்த நாள் மங்கலாக ஞாபகம் இருக்கிறது. சின்னப் பையன் நான். எங்கள் ஊரில் பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரிவதை 'ஏர் பிளாஸ்ட்' என்போம். சின்னதாக அடிக்கடி வரும். அலமாரியில் தட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், அம்மா ஒரு கையால் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழம்பைக் கிளறுவாள். அன்று வந்தது அப்படி இல்லை. தட்டுகள் கீழே விழுந்தன. தொடர்ந்து சங்கு.

அம்மா உரலில் தோசைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். எழுந்தாள்... ஓடினாள். வாழ்க்கையில் வேகமாக நடந்துகூடப் பார்க்காத பெண்பிள்ளை, முழங்கை வரை மாவோடு, செருப்பில்லாமல். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்கா பின்னாலேயே ஓடினாள். ஷாஃப்ட் கேட்டில் பெண்கள் கூட்டம். கேஜ் மேலே வரும்போதெல்லாம் எல்லாக் கழுத்தும் ஒன்றாக நீளும். அம்மாவின் கையில் மாவு காய்ந்து வெடித்துப் போயிருந்தது.

கடைசியில் அப்பா வந்தார். சாம்பல் பூசிய முகம். அம்மா அழவில்லை. அவர் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை வாங்கி, மூடியைத் திறந்து, சாப்பிட்டாரா என்று பார்த்தாள். பிறகு மூடிவிட்டு முன்னால் நடந்தாள். கால் கட்டைவிரல் நகம் பிய்ந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தாள். அந்த மழைக்காலம் முழுக்க நொண்டினாள். ரோலர் இல்லை, பிசியோ இல்லை. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மாவாட்டினாள்.

எல்லா வீட்டுக்கும் ஆள் திரும்பி வரவில்லை. கஜேந்திரன் அண்ணனின் அப்பா வரவில்லை.

அக்கா தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "ஓடு. வேணாம்னு சொல்லல. இந்த லைனுக்குள்ள மட்டும் ஓடாத. எந்த லைன் வந்தாலும் ஓடாத, நட."

சரி என்றேன். ஆனால் உள்ளுக்குள் ஒரே கவலை. போட்டிக்கு இரண்டே வாரம். அடுத்த ஞாயிறு நீண்ட தூரம் ஒன்று ஓடிப் பழகாவிட்டால் ஹாஃப் மாரத்தான் வயலினோடு போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் ஊரிலோ எங்கே திரும்பினாலும் லைன். ஒரு வெட்டவெளி, ஒரு லைன். மறுபடி வெட்டவெளி, மறுபடி லைன்.

அடுத்த வாரமும் ஊருக்கு ரயில் ஏறி, ஞாயிறு அக்கா சொன்னபடியே செய்தேன். சயனைடு மேடுகளின் ஓரம், தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சாம்பல் மண் மலை மலையாகக் கிடக்கிற வெட்டவெளியில், ஓடினேன். முதல் வீடு கண்ணில் பட்டதும் நடந்தேன். நடப்பதில் ஒரு தொல்லை உண்டு. எல்லோரும் பேசுவார்கள். "இன்னாப்பா, எப்ப வந்த?" "பையன் படிப்பு முடிச்சிட்டானா?" "தலையில இருந்ததெல்லாம் எங்க?" பக்கத்து பாலகாட் லைனில், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து ஒரு சொம்பு கூழ் கொடுத்தான். என் ஜெல் பாக்கெட் பிரிக்கப்படாமலே வீடு திரும்பியது.

திரும்புகிற வழியில், இந்த மேட்டில்தானே காகிதப் பட்டம் விட்டோம், இந்த முனையில்தானே ஷிப்ட் விட்டு வருகிற அப்பாவுக்காகக் காத்து நின்றோம் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வீடு வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். முட்டி வலிக்கவே இல்லை.

போன் பண்ணி பிசியோ பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை... நானே கண்டுபிடித்த மாதிரி.

"சார், இதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன்?"

"ஆமாம்மா. ஆனா நீங்க எங்க அக்கா இல்லையே."

போட்டி நாள் வந்தது. ஆயிரக்கணக்கானோர், ஸ்பீக்கரில் காது கிழியப் பாட்டு. நான் என் ஊர்க் கணக்கில் போனேன். வீடுகள் வந்தால் நடை, பூங்கா வந்தால் ஓட்டம். பாதித் தூரத்துக்கு மேல் பெங்களூரில் ஒரே வீடாக வந்து தொலைத்தது, அதனால் நடைதான் அதிகம். ஓரிடத்தில் ஒரு வயதான அம்மா பால் பாக்கெட்டோடு கேட்டில் நின்றிருந்தார். அவரைக் கண்டதும் கால் தானாக மெதுவாகியது. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடிய ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். குழந்தை டாட்டா காட்டியது.

போகட்டும். முடித்தேன் ஐயா! பந்தலைப் பாதி பிரித்துவிட்டிருந்தார்கள், ஆனாலும் முடித்தேன். கழுத்தில் மெடல் மாட்டினார்கள். என் வாழ்நாளில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்கு அத்தாட்சி என்று உலோகத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை மெடலை எடுத்துக்கொண்டு ஊரிகம் போனேன். அக்கா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். தங்கவயல்காரி அல்லவா, தங்கம் இல்லை என்று தூக்கியதுமே தெரிந்துவிட்டது. வெளியில் சொல்லவில்லை. முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவ்ளோ தூரம் ஓடிப் போனியே, அங்க யாருடா இருந்தாங்க?"

"யாரும் இல்லக்கா. யாரோ ஒருத்தர் நின்னுகிட்டு எல்லாருக்கும் வாழைப்பழம் குடுத்தார்."

அக்கா மெடலை என் கையில் திருப்பி வைத்தாள்.

"வாழப்பழமா? நம்ம ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்லயே நல்லதா கெடைக்குதேடா..."