மோட்டார் ஓடுதா?

ஆம்பூர் பக்கம் ஓர் ஊராட்சிக்கு நான் செயலர். திட்ட விவரங்களை இணையத்தில் ஏற்றும்போது தெருத் தெருவாகப் போய்ப் பார்க்க மாட்டேன். டேங்க் ஆபரேட்டருக்குப் போன் போட்டு, "மோட்டார் ஓடுதா?" என்பேன். "ஓடுது சார்" என்றால் 'குடிநீர் உண்டு' என்று பதிந்துவிடுவேன். தோல் தொழிற்சாலைக்குப் பின்னாலிருக்கும் தெருவுக்கும் அப்படித்தான் பதிந்தேன். அதனால் நல்ல தண்ணீர் கொண்டுவரும் புதுக்குழாய்ப் பணம் அங்கே போகாமல், வேறு தெருவில் சிமெண்ட் சாலையானது.

போன கோடையில் வீட்டு வரி வசூலுக்காக அந்தத் தெருவுக்குப் போனேன். வெயில் தாங்காமல் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண் அவள். வாசல் குழாயில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடத்தான் செய்தது. தண்ணீர்தான் மஞ்சளாக இருந்தது.

அவள் உள்ளே போய் ஒரு டம்ளரில் வேறு தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கொழாத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்காது சார். இது கேன் தண்ணி, கொழந்தைக்கு வாங்கி வெச்சது. குடிங்க."

"நீங்க இன்னாம்மா குடிக்கிறீங்க?"

"எங்களுக்குப் பழகிப்போச்சு சார்."

மறுநாளே பதிவைத் திருத்திவிட்டேன். புதுக்குழாய் இன்னும் வரவில்லை.

அன்று அந்த டம்ளரை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், ஏன் என்று கேட்பாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.